பச்சையம்மாள் பார்க்கப் போன அம்மன்

மரவள்ளிக் கொல்லையில் வேலை செய்யும்போது பச்சையம்மாள் தண்ணீர் குடித்தால், முதல் வாய்த் தண்ணீர் தரைக்குத்தான். சொம்பைத் தூக்கி, உடம்பைக் கிழக்கே திருப்பி, கொஞ்சம் மண்ணில் ஊற்றிவிட்டு அப்புறம்தான் தன் வாயில் வைப்பாள். வடக்கனந்தலில் மற்றவர்கள் இளைப்பாற உட்கார்ந்தால் மேற்கே மலையைப் பார்த்துத்தான் உட்காருவார்கள். மேகம் இறங்குகிறதா, வெள்ளிமலையில் மழை பிடித்துக்கொண்டதா என்று பார்க்க வேண்டியதெல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பச்சையம்மாள் மட்டும் கல்வராயன் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்றுமே இல்லாத வெறும் ரோட்டுப் பக்கம் பார்த்து நிற்பாள்.

அவள் மகள் எழில்மதி ஐந்தாவது படிக்கும்போது ஒருமுறை கேட்டாள்.

“ஏம்மா தண்ணியக் கீழ ஊத்தற?”

“தூசி கெடந்துச்சி.”

அடுத்த நாளும் தூசி. அடுத்த வருஷமும் தூசி. தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கிய பிறகு எழில்மதி இதற்காக அம்மாவோடு ஒருநாள் சண்டைகூடப் போட்டாள். பச்சையம்மாள் சிரித்துவிட்டுக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் எழில்மதிக்கு அது கண்ணில் படுவதே நின்றுவிட்டது. அம்மாவுக்கு வலது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பது போல, இதுவும் ஒன்று.

அந்த வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் எழில்மதி. கள்ளக்குறிச்சி அரசுக் கல்லூரியில் வரலாறு படித்து முடித்துவிட்டு, போட்டித் தேர்வுகளை எழுதிக்கொண்டு, சாயங்காலத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். வேலை கிடைக்கவில்லை. படித்ததனால் நமக்கு என்ன தெரிந்தது, என்ன தெரியாமல் போனது என்று அவ்வப்போது தன்னையே குடைந்துகொள்ளும் சுபாவம் மட்டும் கிடைத்திருந்தது. அப்படிக் குடைந்த ஒரு நாளில் அவளுக்கு ஒன்று உறைத்தது. அம்மா தன் வாழ்க்கையில் ஒரு நாளாவது விடிந்த பிறகு எழுந்திருக்கிறாளா? இன்னொருவர் விரித்த படுக்கையில் படுத்து, இன்னொருவர் ஆக்கியதைச் சாப்பிட்டிருக்கிறாளா? எலவனாசூர்கோட்டையில் பிறந்து, பதினெட்டு வயதில் நாராயணசாமியைக் கட்டிக்கொண்டு வடக்கனந்தலுக்கு வந்தவள். மரவள்ளி, மக்காச்சோளம், இரண்டு மாடு. அம்மா வீட்டையும் பிரசவ ஆஸ்பத்திரியையும் தவிர வெளியில் ராத் தங்கியதே இல்லை.

ஒரு நாள், ஒரே ஒரு நாள் அம்மாவை ஒரு வேலையும் செய்யவிடாமல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எழில்மதி முடிவு செய்தாள். மெட்ராஸ், நல்ல ஓட்டல், கடற்கரை, மியூசியம். டியூஷனில் சேர்த்த பணமே அதற்குப் போதும்.

விஷயத்தைச் சொன்னதும் நாராயணசாமி சோற்றுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“ஓட்டலுன்னா துன்ற எடம். அங்க போயி இன்னாத்துக்கு படுக்கணும்?”

“தங்கற ஓட்டலுப்பா. ஏசி, லிப்டு எல்லாம் இருக்கு. காலையில டிபன் அவங்களே குடுப்பாங்க.”

“உங்கம்மா அங்க போயி அவங்களுக்கு இட்லி சுட்டுக் குடுத்துட்டு வருவா, பாரு.”

பால் வாங்க வந்த பக்கத்து வீட்டு ஜெயம்மாள் வாசலிலிருந்தே கேட்டுவிட்டாள். “ஏன்டி பச்ச, நெசமாவா? பொம்பளைங்க ரெண்டு பேரு லாட்ஜில போயி தங்கறதா? சினிமாவுல போலீசு வருதே, அந்த மாதிரி எடமா இருக்கப் போவுது!”

“நீயும் வரியாக்கா?” என்றாள் எழில்மதி.

“எனக்கு வூட்ட வுட்டா தூக்கம் வராதும்மா” என்று சொல்லிவிட்டு ஜெயம்மாள் போகாமல் அங்கேயே நின்றாள்.

எழில்மதி போனில் ஓட்டல் படங்களைக் காட்டினாள். வெள்ளை வெளேரென்று கட்டில். பச்சையம்மாள் கடமைக்குப் பார்த்துக்கொண்டு வந்தாள். அறை, குளியலறை, கடற்கரை என்று படங்கள் நகர்ந்தன. எழும்பூர் மியூசியத்தின் வெண்கலச் சிலை ஒன்று வந்தது. கண்ணாடிக்குப் பின்னால், ஒரு கையை மடக்கிப் பூப்பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு நின்ற அம்மன்.

பச்சையம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். திரையைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தொட்டதில் படம் நகர்ந்து வேறொன்று வந்துவிட்டது.

“அவளக் காட்டு.”

“யார?”

“இப்ப இருந்தாளே. இதெல்லாம் மண்ணுல எடுத்ததா?”

“ஆமாம்மா. பூமிக்கடியில கெடைக்கிற பழைய செலைங்கள இங்கதான் கொண்டாந்து வெச்சிருக்காங்க.”

“அப்ப நம்ம அம்மனும் அங்கதான் இருப்பா.”

எழில்மதிக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்த அம்மன்?”

“அட, உனக்கு யாரும் சொல்லலியா?” என்றார் நாராயணசாமி. “நம்ம கொல்லையில எடுத்த அம்மன்தான். கல்யாணம் ஆன மறு வருஷம். கெழக்கால மூலையில உங்கம்மா மரவள்ளி தோண்டிக்கினு இருக்கா, மம்புட்டி ணங்குங்குது. தோண்டிப் பாத்தா இம்மாம் ஒசரத்துக்கு அம்மன். மஞ்சத் தண்ணி ஊத்தி, பாலு ஊத்தி, வேப்ப மரத்தடியில வெச்சி ஊரே கும்புட்டுச்சி. அப்புறம் வி.ஏ.ஓ. வந்தாரு, தாசில்தாரு ஜீப்பு வந்துச்சி. கெவுருமெண்டு சொத்துன்னு ஏத்திக்கினு பூட்டாங்க. கையில ஒரு வெரலு மட்டும் இல்ல. மண்ணுக்குள்ள எந்தக் காலத்துல ஒடஞ்சிச்சோ.”

பச்சையம்மாள் எழுந்து போய் அடுப்பில் எரிந்துகொண்டிருந்த விறகைத் தள்ளி வைத்தாள்.

எழில்மதி போனைக் கீழே வைத்தாள். மூன்று வருஷம் வரலாறு படித்தாள். வெண்கலச் சிலைகளைப் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதினாள். அந்தச் சிலைகளில் ஒன்று அவள் தினமும் மிதித்து நடக்கிற கொல்லையிலிருந்து போயிருக்கிறது. எடுத்தது அவள் அம்மாவின் மண்வெட்டி. வீட்டில் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றாத ஒரு படிப்பை எதற்குப் படித்தோம் என்று அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பச்சையம்மாள் ஒன்று மட்டும் சொன்னாள். “வரேன். ஆனா அவளப் பாக்கணும். மத்ததெல்லாம் உன் இஷ்டம்.”

பை வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தஸ்தகீர் பாய் பைக்கடை வைத்திருந்தார். கடையிலிருந்த பைகளிலேயே சின்னதைப் பச்சையம்மாள் எடுத்தாள்.

“மெட்ராஸுக்கா? ஓட்டல்ல தங்கறீங்களா? அப்ப இது பத்தாதும்மா. போறப்ப கம்மியாத்தான் இருக்கும், வர்றப்ப ஜாஸ்தியாய்டும்” என்றார் பாய்.

“வர்றப்ப கம்மியாத்தாங்க இருக்கும்” என்றாள் பச்சையம்மாள்.

பாய் சிரித்தார். எழில்மதியும் சிரித்தாள். “ஜிப்பு போச்சுன்னா எடுத்தாங்க, நானே மாத்தித் தரேன். வெள்ளிக்கிழம மட்டும் வராதீங்க. அன்னிக்குக் கட தெறக்கறதில்ல” என்றார் பாய்.

எழில்மதி தலையாட்டினாள்.

வியாழக்கிழமை போய் வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்புவது என்று திட்டம். சனிக்கிழமை மக்காச்சோளம் அடிக்க மிஷின் வருகிறது, நாராயணசாமியால் தனியாகப் பார்க்க முடியாது. வியாழன் மதியம் மியூசியம், வெள்ளி காலை கடற்கரை என்று எழில்மதி மணிக்கணக்கு போட்டு வைத்திருந்தாள். விடிவதற்குள் பஸ் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து எழும்பூர் வந்து சேர்ந்தார்கள்.

லிப்ட் கிளம்பியதும் பச்சையம்மாள் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அறைக் கதவை ஒரு அட்டையைக் காட்டி மகள் திறந்ததைப் பார்த்து, “இத்தத் தொலச்சிட்டா?” என்று கேட்டு அட்டையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். எழில்மதி முகம் கழுவிவிட்டு வருவதற்குள் கட்டில் விரிப்பை எடுத்து உதறி, நாலாக மடித்து ஓரமாக வைத்திருந்தாள். தரையில் தாங்கள் கொண்டுவந்த பழைய சேலை விரிந்திருந்தது.

“அய்யோ, கட்டில்ல படும்மா! அதுக்குத்தான வந்தோம்.”

“இவ்ளோ வெள்ளையா இருக்குதே. நம்ம மேல பஸ்ஸு அழுக்கு.”

தண்ணீர் பாட்டில் கொண்டுவந்த ஓட்டல் ஊழியர் கதவருகில் திகைத்து நின்றார். பச்சையம்மாள் குளியலறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். “நாங்களே கழுவிட்டோம் தம்பி. நீ போயி வேற வேலயப் பாரு” என்றாள். அவர் எழில்மதியைப் பார்த்தார். எழில்மதி பாட்டிலை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

மதியம் பிரியாணி. பச்சையம்மாள் நன்றாகச் சாப்பிட்டாள். அதைப் பார்க்க எழில்மதிக்குச் சந்தோஷமாக இருந்தது. அங்கிருந்து நடந்தே மியூசியத்துக்குப் போனார்கள். சிவப்புக் கட்டடம். டிக்கெட் வாங்க எழில்மதி வரிசையில் நின்றாள். திரும்பிப் பார்த்தால் அம்மா வாசலுக்கு வெளியே, பிளாட்பாரத்தில் நிற்கிறாள்.

“வாம்மா.”

“இன்னிக்கு வேணாம்.”

“இன்னாம்மா சொல்ற?”

“கவுச்சி துன்னுட்டு அவ மூஞ்சில போயி நிக்கறதா?”

“ம்மா, இது கோயிலு இல்ல. மியூசியம். செருப்புப் போட்டுக்கினுதான் எல்லாரும் போறாங்க, பாரு.”

அதைக் கேட்டதும் பச்சையம்மாளின் முகம் மாறிவிட்டது. உள்ளே போகிறவர்களின் கால்களையே பார்த்தாள். “அவ நிக்கற எடத்துல செருப்போடவா?” இரண்டடி பின்னால் போனாள். “வேணாம் எழிலு. நாளைக்கு வெள்ளிக்கிழம. தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு வரலாம். அவளுக்கு உகந்த நாளு.”

எழில்மதி யோசித்துப் பார்த்தாள். இன்றைக்குக் கடற்கரை, நாளைக்கு மியூசியம். மாற்றிக்கொள்வதில் என்ன இருக்கிறது? பஸ் சாயங்காலம்தானே. அம்மாவின் இஷ்டப்படியே ஆகட்டும் என்று வரிசையை விட்டு வந்தாள்.

கடற்கரையில் பச்சையம்மாள் ஈர மணல் வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். தாகம் எடுத்தது. பாட்டிலைத் திறந்தாள். கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். கட்டடங்கள் இருந்த பக்கமாக மணலில் ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றினாள்.

எழில்மதிக்குச் சுருக்கென்றது. ஊரில் கிழக்கே ஊற்றுகிறவள், இங்கே மேற்கே ஊற்றுகிறாள்.

“ம்மா, அந்தப் பக்கம் இன்னா இருக்கு?”

“மியூசியம் அந்தப் பக்கந்தான?”

இத்தனை வருஷத் தூசியும் ஒரு நொடியில் விலகிவிட்டது. கொல்லையிலிருந்து ஜீப் போன ரோடு. மெட்ராஸ் இருக்கிற திசை.

“நம்ம ஊர்ல இருந்தப்போ ஊரே அவளுக்குத் தண்ணி ஊத்துச்சி” என்றாள் பச்சையம்மாள். “மெட்ராசுக்குக் கொண்டுபோயி கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிட்டாங்கன்னு அந்த வி.ஏ.ஓ. சொன்னாரு. அங்க யாரு ஊத்துவாங்க?”

எழில்மதி பாட்டிலை வாங்கிக்கொண்டாள். அவளும் ஒரு வாய் குடித்துவிட்டுப் பாட்டிலை மூடினாள்.

அன்று ராத்திரி பச்சையம்மாள் கட்டிலில்தான் படுத்தாள். ஆனால் விடியும் முன்பே எழுந்து தலைக்குக் குளித்துவிட்டாள். எழில்மதி கண் விழித்தபோது ஈரத்தலையைத் துண்டால் முடிந்துகொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் அலுமினியச் சுண்ணாம்பு டப்பா ஒன்று இருந்தது. ஊரில் சாமி படத்துக்குப் பின்னால் எப்போதும் கிடக்கிற டப்பா. அம்மா வெற்றிலை போடமாட்டாள், அப்புறம் எதற்கு இது என்று எழில்மதிக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

பச்சையம்மாள் மூடியைத் திருகினாள். மஞ்சள் துணி. அதற்குள் ஒரு விரல்.

சின்ன விரல். பச்சை ஏறிய வெண்கலம். நகம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. லேசாக வளைந்து, எதையோ பிடிக்கப் போகிற மாதிரி.

எழில்மதி கிட்டே வந்து குனிந்தாள்.

“மண்ணுக்குள்ள ஒடயல” என்றாள் பச்சையம்மாள். “என் மம்புட்டிதான். ணங்குன்னு பட்டப்பவே வெரலு துண்டா வந்து மண்ணுல வுழுந்துச்சி. மாமியா பக்கத்துலதான் நிக்கறாங்க. வூட்டுக்கு வந்த மறு வருஷமே அம்மன் கைய ஒடச்சிட்டான்னு ஊரு சொல்லுமேன்னு பயந்துகினு இடுப்புல சொருவிக்கினேன். அப்புறமா குடுத்துடலாம், அப்புறமா குடுத்துடலாம்னு இருக்கறப்பவே ஜீப்பு வந்துடுச்சி.”

“அப்பாவுக்கு?”

“யாருக்கும் தெரியாது. மொதக் கொழந்த தங்கல. ரெண்டாவதும் தங்கல. அவ வெரல நான் வெச்சிக்கினு இருந்தா எப்படித் தங்கும்? வெரல உன் கையிலயே சேத்துடறேன்டி தாயே, ஒரே ஒரு புள்ளயக் குடுன்னு கேட்டேன்.” மகளை நிமிர்ந்து பார்த்தாள். “குடுத்துட்டா.”

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எழில்மதி எழுந்து போய் அதை நிறுத்தினாள்.

அவள் மனதில் ஒரே நேரத்தில் எல்லாம் ஓடின. சிலைத் திருட்டு, போலீஸ், செய்தித்தாள், வாசலில் பையைத் திறந்து பார்க்கும் காவலர், தன் வேலை, தன் தேர்வு. அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று. தான் பிறந்ததே இந்த விரலுக்கு ஈடாகத்தான் என்று அம்மா இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டு, தன்னைப் பார்க்கும்போதெல்லாம் இதையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்ல எழில்மதிக்குத் தெரியும். கேட்டது வேறு.

“அங்க போயி இன்னாம்மா பண்ணுவ?”

“கால்கிட்ட வெச்சிட்டு, தப்பாயிடுச்சின்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்.”

“கண்ணாடி இருக்கும்மா. கிட்ட போவ முடியாது.”

“கண்ணாடிக்கு வெளிய வெச்சா அவளுக்குத் தெரியாதா?”

கிளம்பினார்கள். எழும்பூர் தெருவில் பூ வாங்கினார்கள். பச்சையம்மாள் ஓட்டலிலிருந்தே செருப்பில்லாமல் நடந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பிளாட்பாரம் சுட்டது. டப்பா இடுப்பில் இருந்தது. ஒரு கையால் அதை அழுத்திக்கொண்டே வந்தாள்.

மியூசியத்தின் வாசல் மூடியிருந்தது.

சீக்கிரம் வந்துவிட்டோம் என்றுதான் எழில்மதி முதலில் நினைத்தாள். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலும் மூடியிருந்தது. முந்தின நாள் இருந்த வரிசையில் ஒருவர்கூட இல்லை. உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலரைக் கூப்பிட்டாள்.

“எப்ப சார் தெறப்பாங்க?”

“இன்னிக்கு லீவும்மா. வெள்ளிக்கிழம லீவு. போர்டு போட்டிருக்கு, பாரு.”

போர்டு இருந்தது. பெரிய எழுத்தில், தமிழிலும் இங்கிலீஷிலும். முந்தின நாளும் இருந்திருக்கும். ஓட்டலில் காலை டிபன் உண்டா, லிப்ட் உண்டா, வெந்நீர் வருமா என்று எழில்மதி ஒன்றுவிடாமல் பார்த்திருந்தாள். வியாழக்கிழமைதான் மியூசியம் என்று இருந்ததால் வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பார்க்கவில்லை. ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் அம்மன் கோயிலில் கூட்டம் தள்ளும். அன்றைக்குப் போய் ஒரு அம்மனின் கதவை மூடிவைத்திருப்பார்கள் என்று அவள் புத்திக்கு எட்டவே இல்லை. வெள்ளிக்கிழமை திறக்கமாட்டேன் என்று பைக்கடைக்காரர் சொன்னது இப்போது ஞாபகம் வந்து என்ன பிரயோசனம்?

“சார், நாங்க கள்ளக்குறிச்சி பக்கத்துலேருந்து வரோம். ஒரே நிமிஷம்...”

“நான் இன்னாம்மா பண்றது? சாவியே எங்கிட்ட கெடையாது. நாளைக்கு வாங்க.”

எழில்மதி திரும்பினாள். பச்சையம்மாள் கம்பிக் கதவின் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் அழுகை இல்லை. யாரோ கன்னத்தில் அறைந்துவிட்ட மாதிரி இருந்தாள்.

“வெள்ளிக்கிழமையில மூடிக்கினாளா?” என்றாள்.

“லீவும்மா. அவங்க ஆபீசு லீவு. அம்மனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நாளைக்கு இருந்து பாத்துட்டுப் போலாம். அப்பாகிட்ட நான் சொல்றேன், மிஷின இன்னொரு நாளைக்கு வரச் சொல்லலாம்.”

“வேணாம்.”

“ம்மா...”

“நேத்து தெறந்து வெச்சிக்கினு கூப்புட்டா. நாந்தான் துன்னுட்டு வந்து நின்னேன். இன்னிக்கு மூஞ்சில கதவச் சாத்திட்டா. வா, போலாம்.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பச்சையம்மாள் பூவைக் கம்பியில் சுற்றிவிட்டு நடந்தாள். அந்த விரலோடு காவலரைத் தாண்டிப் போக வேண்டியதில்லை என்ற நிம்மதியும் தன் மனதின் ஓரத்தில் இருந்ததை எழில்மதி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கண்டுகொண்டாள். உளுந்தூர்பேட்டை வரை அம்மாவின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

ஊரில் ஜெயம்மாள் காத்துக்கொண்டிருந்தாள். “இன்னாடி பச்ச, மெட்ராசு எப்படி?”

“கட்டிலு மெத்துனு இருந்துச்சிக்கா” என்றாள் பச்சையம்மாள்.

சனிக்கிழமை மிஷின் வந்தது. சோளம் அடித்தார்கள். நடுவில் எழில்மதி தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். பச்சையம்மாள் வாங்கினாள், மலையைப் பார்த்தபடியே நேராக வாயில் வைத்துக் குடித்தாள்.

எழில்மதிக்கு அந்த மூடிய வாசலைவிட இதுதான் பேரிடியாக இருந்தது. “ஏம்மா ஊத்தல?”

“அவ வேணாம்னுட்டா.”

அன்றிலிருந்து ஊற்றவில்லை.

எழில்மதி மறுபடியும் திட்டம் போட்டாள். பொங்கல் கழிந்து, சனிக்கிழமை, அதே ஓட்டல். விடுமுறை நாட்களை மியூசியத்துக்குப் போன் செய்தே கேட்டாள். அம்மாவிடம் சொன்னபோது, “பாக்கலாம்” என்றாள் பச்சையம்மாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை எழில்மதி பிடித்துக்கொண்டாள்.

மார்கழியில் ஒரு காலை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன பச்சையம்மாள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். நாராயணசாமி பார்த்தபோது உட்கார்ந்தபடியேதான் இருந்தாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நெஞ்சுவலி என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. இன்னும் எதையெல்லாம் சொல்லாமல் வைத்திருந்தாளோ என்று எழில்மதி அந்தக் கூட்டத்தின் நடுவில் அழவும் தெரியாமல் நின்றாள்.

பொங்கல் கழிந்ததும் நாராயணசாமிதான் சொன்னார். “ரூமு போட்டு வெச்சிருக்கியே எழிலு. போயி உங்கம்மா அம்மனப் பாத்துட்டு வந்துடு. ரொம்ப ஆசப்பட்டா.”

அவருக்கு விரலைப் பற்றி இன்னும் தெரியாது. எழில்மதி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இந்த முறை மியூசியத்தின் வாசல் திறந்திருந்தது. பையைச் சோதித்த பெண் காவலர் டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

“சுண்ணாம்பா? இந்த வயசுல வெத்தல போடுவியா நீ? உள்ள போயி போட்டுத் துப்பி வெக்காத கண்ணு.”

“இல்லக்கா” என்றாள்.

வெண்கலங்கள் இருந்த கூடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மடக்கிய வலது கை, பூப்பிடிக்கிற விரல்கள், அதில் ஒன்று இல்லாத அம்மன். அம்மா சொல்லியிருந்த அடையாளம் அதுதான். முதல் கண்ணாடிப் பெட்டியிலேயே அப்படி ஒருத்தி நின்றாள். எழில்மதியின் கை டப்பாவுக்குப் போனது. பக்கத்துப் பெட்டியைப் பார்த்தாள். அங்கே இருந்தவளுக்கும் ஒரு விரல் இல்லை. அதற்கடுத்தவளுக்கு இரண்டு இல்லை. இன்னொருத்திக்கு மணிக்கட்டே இல்லை. அவள் ஒவ்வொரு பெட்டியாக ஓடினாள். எத்தனை மண்வெட்டிகள், எத்தனை கொல்லைகள். ஒவ்வொன்றின் கீழும் ஊர்ப் பெயர் எழுதியிருந்தது. எதிலும் வடக்கனந்தல் இல்லை.

சோதனையில் இருந்த அதே பெண் காவலர் அந்தப் பக்கம் வந்தார். வடக்கனந்தல் அம்மன் எங்கே என்று எழில்மதி அவரிடம் கேட்டாள்.

“வெளிய வெச்சிருக்கறது கம்மிதான் கண்ணு. உள்ள ஜாஸ்தி. எழுதிக் குடுத்தா ஆபீசுல தேடிச் சொல்லுவாங்க. இன்னா வேணும், எதுக்கு வேணும்னு எழுதணும்.”

எதுக்கு வேணும்? எழில்மதி பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மா பெயரைச் சொன்னால், தாலி கட்டி வந்த மறு வருஷமே அரசாங்கச் சொத்தில் ஒரு துண்டை மறைத்தவள் என்று அம்மா அங்கே பதிவாகிவிடுவாள். தானே கொல்லையில் கண்டெடுத்ததாகச் சொன்னால், தப்பாயிடுச்சி என்று அம்மா சொல்ல நினைத்த அந்த ஒரு வார்த்தை சொல்லப்படாமலே போய்விடும். எது சரி என்று அவளுக்குத் தெரியவில்லை. மூடும் நேரம் வரைக்கும் தெரியவில்லை.

வடக்கனந்தலுக்குத் திரும்பியபோது நாராயணசாமி வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“பாத்தியாம்மா?”

“நெறைய அம்மன் இருக்காங்கப்பா.”

“நம்மளுது?”

“உள்ள இருக்காளாம்.”

டப்பா மறுபடியும் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. பக்கத்திலேயே பச்சையம்மாளின் படம். வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது சுண்ணாம்பு கேட்டால், இல்லை, காலி டப்பா என்று எழில்மதி சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு பிள்ளையைக் கேட்டு வாங்கியதற்குப் பச்சையம்மாள் கொடுப்பதாகச் சொன்ன விரல் இன்னும் போய்ச் சேரவில்லை.